பதினாறு வயசுப் பிள்ளைகிட்ட ரீல்ஸ் கத்துக்கிறது எப்படி: கொங்கு நாட்டுக் கடைக்காரங்களுக்கு முழு வழிகாட்டி

ஈரோடு மாவட்டம் சென்னிமலையில எங்களுக்குப் பெட்ஷீட், ஜமக்காளம், துண்டு விற்கிற கடை. பின்கட்டுல ரெண்டு கைத்தறி ஓடுது. கடைக்கு இன்ஸ்டாகிராம் கணக்கு ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம் வரைக்கும் நான் போட்டதெல்லாம் ஒரே அச்சு. முதல்ல கடை போர்டு, அப்புறம் ரேக்குல அடுக்கின சரக்கு, பின்னால ஒரு பாட்டு, கடைசியில "தரமான பெட்ஷீட்டுகளுக்கு அணுகவும்"னு ஒரு வரியும் போன் நம்பரும். லைக் போடறவங்க பத்துப் பதினஞ்சு பேர், எல்லாரும் சொந்தக்காரங்களும் நூல் வியாபாரிகளும்தான்.

அக்கா மக ஈரோட்டுல பிளஸ் ஒன் படிக்கிறா. அரையாண்டு லீவுக்கு எங்க ஊட்டுக்கு வந்திருந்தப்ப, ஒரு சாயங்காலம் திண்ணையில உட்கார்ந்து போன் பார்த்துக்கிட்டிருந்தா. புதுசாப் போட்ட வீடியோவை அவளுக்கு அனுப்பி, "எப்படி இருக்குதுன்னு சொல்லு கண்ணு"ன்னேன். திறந்தா. கட்டைவிரல் ஒரு நொடி நின்னுச்சு, மேல தள்ளிடுச்சு.

"முழுசாப் பாக்கலையா?"

"போர்டு வந்துச்சுங்களா, அங்கயே தள்ளிட்டனுங் மாமா. போர்டைப் பாத்தா வெளம்பரம்னு கை தானாப் போயிருது."

அன்னைக்கு நான் வீடியோ எடுக்கிறதை ஒரு மாசத்துக்கு நிறுத்திட்டேன். அவ போன் பார்க்கிறதைப் பார்க்க ஆரம்பிச்சேன். கீழ இருக்கிறதெல்லாம் அப்படிப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்ததும், அதுக்கப்புறம் எங்க கடைக்கணக்குல செஞ்சு பார்த்ததும். கிரைண்டர் பட்டறை, பனியன் யூனிட், நாட்டுச்சர்க்கரை ஆலை, பலகாரக் கடை எது வெச்சிருந்தாலும் இதே வழியில போகலாம்.

பிள்ளைங்ககிட்ட ஏன் கத்துக்கணும்னு கேட்பீங்க. 2020 ஜூன் 29ஆம் தேதி டிக்டாக்கை நம்ம நாட்டுல தடை செஞ்சாங்க. ஜூலையில இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்க வந்துச்சு, செப்டம்பர்ல யூடியூப் ஷார்ட்ஸ். பாடமே போன்ல நடந்த வருஷம் அது. இன்னைக்குப் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற பிள்ளைங்க அப்ப ஆரம்பப் பள்ளியிலயோ அதைத் தாண்டியோ இருந்தாங்க. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை தார் (தறிக்குக் குறுக்கு நூல் சுத்தின சின்னக் கட்டை) சுத்தப் பழகுற மாதிரிதான், யாரும் உட்கார்த்தி வெச்சுச் சொல்லித் தராமலே இது அவங்க கைக்கு வந்துடுச்சு. நமக்குக் கல்யாண வீடியோவும் டிவி விளம்பரமும் பார்த்துப் பழகின கண்ணு. அதனாலதான் நாம எடுக்கிற எல்லாமே விளம்பரம் மாதிரியே வருது.

படி 1: கேட்காதீங்க, பக்கத்துல உட்காருங்க

"ரீல்ஸ் ஓடறதுக்கு என்ன செய்யணும்?"னு நேராக் கேட்டா, "ட்ரெண்டிங் பாட்டு வைங்க மாமா"ன்னு ஒரு பதில் வரும். மாமன் கேட்கிறாரேன்னு சொல்ற பதில் அது. அந்தப் பிள்ளையே ட்ரெண்டிங் பாட்டு வெச்ச நூறு வீடியோவைத் தள்ளிக்கிட்டுத்தான் இருக்கும். அவங்க விரல் என்ன செய்யுதுன்னு பார்த்தாத்தான் விஷயம் தெரியும்.

வீட்டுப் பிள்ளை, அண்ணன் தம்பி பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரா இருந்தாலும் முதல்ல சம்மதம் கேளுங்க. அவங்க அப்பா அம்மாகிட்டயும் சொல்லிடுங்க. போன் அவங்க கையிலயே இருக்கட்டும். சாட் பக்கம் போனா நீங்க முகத்தைத் திருப்பிக்கணும். அந்த மரியாதை இல்லைன்னா ரெண்டாவது நாள் உட்கார விட மாட்டாங்க.

20 நிமிஷம் போதும். ஒரு நோட்டுல நாலு கட்டம் போட்டுக்குங்க: எங்க விரல் நின்னுச்சு, எங்க தள்ளுச்சு, எதை யாருக்கோ அனுப்பினாங்க, எதைச் சேவ் பண்ணி வெச்சாங்க. நடுவுல அறிவுரை சொல்லக் கூடாது. "இதையெல்லாமா பாக்கறே?"ங்கிற வார்த்தை வாயிலயே வரக் கூடாது.

நான் உட்கார்ந்த முதல் நாள் நோட்டு இன்னும் இருக்கு. டிரோன்ல எடுத்த வீடு விற்பனை, தள்ளிட்டா. நகைக்கடை, தள்ளிட்டா. ஒருத்தர் கை கூப்பி "வணக்கம் நண்பர்களே"ன்னு ஆரம்பிச்சார், "நண்ப" வரைக்கும்தான் கேட்டுச்சு. அப்புறம் ஒரு வயசான அம்மா கச்சாயம்ங்கிற நம்ம ஊர்ப் பலகாரம் சுடற வீடியோ. முகம் கூடத் தெரியலை. எண்ணெய்ச் சட்டி, கரண்டி, மாவு விழுந்ததும் ஓரத்துல கிளம்புற நுரை. முழுசாப் பார்த்தா, திரும்பவும் பார்த்தா. லைக் போடலை, கமெண்ட் போடலை. அம்பு மாதிரி இருக்கற பட்டனை அமுக்கி யாருக்கோ அனுப்பிட்டா.

"ஆருக்கு அம்மிணி அனுப்புன?"

"எங்க கிளாஸ்ல ஒருத்தி ஹாஸ்டல்ல இருக்கறாளுங் மாமா. அவ அமுச்சி (அம்மாவோட அம்மா) இப்பிடித்தான் சுடுவாங்களாம், எப்பப் பாத்தாலும் சொல்லிட்டே இருப்பா."

நான் ஒன்றரை வருஷமா லைக்கை எண்ணிக்கிட்டிருந்தேன். இந்தப் பிள்ளைக்குப் பிடிச்ச வீடியோவுல அவ லைக்கே இல்லை.

படி 2: "யார், யாருக்கு அனுப்புவாங்க?"

இந்த வழிகாட்டியில ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்குன்னா இதைச் செய்யுங்க.

இன்ஸ்டாகிராமோட தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில வெளிப்படையாவே சொன்னார்: ஒரு பதிவை எத்தனை பேருக்குக் காட்டறதுன்னு முடிவு பண்றதுல முக்கியமான மூணு விஷயம், எவ்வளவு நேரம் பார்க்கிறாங்க, எத்தனை பேர் லைக் போடறாங்க, எத்தனை பேர் இன்னொருத்தருக்கு அனுப்பறாங்க. உங்களை ஏற்கெனவே ஃபாலோ பண்றவங்ககிட்டப் போறதுக்கு லைக் கொஞ்சம் கூடுதலா உதவும். உங்களைத் தெரியாதவங்ககிட்டப் போறதுக்கு, அனுப்பறதுதான் கூடுதலா உதவும். புது வாடிக்கை வேணும்னா எது வேணும்னு இதுலயே தெரிஞ்சுடுது.

ஆனா "ஷேர் பண்ணுங்க"ன்னு கெஞ்சினா யாரும் அனுப்ப மாட்டாங்க. ஒரு பிள்ளை வீடியோ அனுப்புறப்ப உங்க சரக்கை அனுப்பறதில்லை. "இது நீதான்டி", "இது நம்ம ஊட்டுல நடந்ததேதான்", "இதைப் பாத்ததும் உன் ஞாபகம் வந்துச்சு". இந்த மூணுல ஒண்ணைத்தான் அனுப்புது, வீடியோ அதுக்கு ஒரு சாக்கு. அந்தச் சாக்கை நாம செஞ்சு தரணும்.

வீடியோ எடுக்கிறதுக்கு முன்னால நோட்டுல ஒரு வரி எழுதுங்க: "________, ________க்கு அனுப்புவாங்க." ரெண்டு கோடிட்ட இடத்தையும் நிரப்ப முடியலைன்னா அந்த வீடியோ வேண்டாம்.

நாங்க முதல்ல எழுதின வரி: "தங்கச்சி, அண்ணனுக்கு அனுப்புவா." எதைன்னா, ஒறம்பரை (விருந்தாளி) வந்தா மட்டும் பீரோவுல இருந்து வெளிய வர்ற பெட்ஷீட். உங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கும். நல்ல கட்டம் போட்டது, மடிப்புக் கலையாதது, நாப்தலீன் உருண்டை வாசம் அடிக்கிறது. வீட்டுப் பிள்ளைங்க அதுல படுத்தா ஏச்சு விழும். கோயமுத்தூர்ல இருந்து பெரியம்மா வந்தா அது கட்டிலுக்கு வரும், அவங்க பஸ் ஏறின கையோட மடிச்சு உள்ளே போகும். அதை 18 நொடியில எடுத்தோம். பீரோ சாவி திருகுற சத்தம், பெட்ஷீட்டை உதறுற சத்தம், என் சம்சாரத்தோட குரல்ல ஒரே ஒரு வரி: "அதுல உக்காராதடா, ஒறம்பரைக்கு எடுத்து வெச்சது." கடைப் பேர் எங்கயும் இல்லை. போன் நம்பர் இல்லை.

அந்த வாரம் அதை அனுப்பினவங்க, நாங்க அதுவரைக்கும் போட்ட மொத்தப் பதிவையும் சேர்த்து அனுப்பினவங்களைவிட அதிகம். கமெண்ட்ல பூரா அண்ணன் தம்பி பேரை டேக் பண்ணி வெச்சிருந்தாங்க. மூணாவது நாள் திருச்செங்கோட்டுல இருந்து ஒரு அம்மா மெசேஜ் போட்டாங்க: "அந்தக் கட்டம் போட்டது இருக்குதுங்களா?"

உங்க தொழிலுக்கு இதே வரியை எப்படி எழுதலாம்னு சிலதைச் சொல்றேன். கோயமுத்தூர் கிரைண்டர் பட்டறைக்காரர்: தேய்ஞ்ச கல்லு ஓடற சத்தத்தையும் கொத்தின கல்லு ஓடற சத்தத்தையும் அடுத்தடுத்து வைங்க. சம்சாரம், வீட்டுக்காரருக்கு அனுப்புவாங்க, "நம்மது இப்படித்தான் கத்துது, எப்பக் கொண்டு போறீங்க?"ன்னு. நாமக்கல்லுல லாரி பாடி கட்டுறவர்: கேபினுக்குள்ள டிரைவர் கேட்டுக் கேட்டு வெச்சுக்கிட்ட சாமி படமும் சின்ன ஃபேனும். டிரைவர், கூட்டாளி டிரைவருக்கு அனுப்புவார். ஈரோட்டு மஞ்சள் வியாபாரி: விரலி மஞ்சளை ஒடிக்கிறப்ப வர்ற அந்த 'டக்' சத்தம், உள்ளே தெரியற நிறம். அமெரிக்காவுல இருக்கற மகளுக்கு அம்மா அனுப்புவாங்க. ஈரோடு மஞ்சளுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சதுன்னு சொல்லணும்னா கமெண்ட்ல சொல்லிக்கலாம். முதல்ல ஒடியட்டும்.

படி 3: முதல் நொடி

போர்டு வேண்டாம், வணக்கம் வேண்டாம், லோகோ சுத்திச் சுத்தி வர்றது வேண்டாம். கதையை நடுவுல இருந்து ஆரம்பிங்க. பிள்ளைங்க பேசறதைக் கவனிச்சுப் பாருங்க. ஸ்கூல்ல இருந்து வந்ததும் "இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா, அவ அழுதுட்டா"ன்னுதான் ஆரம்பிக்கும். யார், எங்க, எப்பங்கறதெல்லாம் பொறகுதான் வரும்.

எங்க தறி வீடியோவை நான் முதல்ல எடுத்தப்ப வாசல்ல இருந்து நடந்து உள்ளே போய்த் தறியைக் காட்டினேன். தறி வர்றதுக்கே 9 நொடி ஆச்சு. அக்கா மக அதைப் பார்த்துட்டு முதல் 9 நொடியையும் வெட்டி எறிஞ்சா. இப்ப வீடியோ திறந்ததுமே நாடா (நூலைக் கொண்டு போற ஓடம்) இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் பாயுது. கேமரா பாவுக்கு (நீளவாக்குல கட்டின நூலுக்கு) ஒரு ஜாண் உயரத்துல, குறுக்கே போற ஊடை நூல் விழுற இடத்துல. பண்ணை (நூலை நெருக்கித் தள்ற சட்டம்) வந்து ஒரு அடி அடிக்குது, நூல் போய் உட்காருது. பாட்டு எதுவும் இல்லை, தறிச் சத்தம் மட்டும். சென்னிமலையிலயும் பவானியிலயும் பொறந்து வளர்ந்து இப்ப பெங்களூர்ல இருக்கறவங்களுக்கு அந்தச் சத்தம் எதைக் கிளப்பும்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு. "எங்கப்பாரு தறி" அப்படின்னு ரெண்டே சொல்லோட நின்ன கமெண்ட் எத்தனையோ.

ஒரு சின்னப் பயிற்சி சொல்றேன். உங்க பழைய வீடியோ பத்தை எடுத்துக்குங்க. ஒவ்வொண்ணுலயும் எந்த இடத்துல முதல்முறையா ஏதாவது அசையுதோ, ஏதாவது சத்தம் கேட்குதோ, அதுக்கு முன்னால இருக்கற எல்லாத்தையும் வெட்டிட்டுப் பாருங்க. பாதி வீடியோ வெட்டினதாலயே நல்லா ஆயிடும். புதுசா எடுக்கக் கூடத் தேவையில்லை.

நீளத்தைப் பத்திக் கவலைப்பட வேண்டாம். ரீல்ஸும் ஷார்ட்ஸும் இப்ப சில நிமிஷம் வரைக்கும் போகலாம். போகலாம்ங்கிறதுக்காகப் போகாதீங்க. விஷயம் முடிஞ்ச இடத்துல வீடியோவும் முடியணும்.

படி 4: நம்ம பேச்சுலயே பேசுங்க

"எங்களிடம் அனைத்து விதமான படுக்கை விரிப்புகளும் மலிவு விலையில் கிடைக்கும்." இப்படி யாரும் வீட்டுல பேசறதில்லை. கடைக்கு வர்ற ஆளுகிட்ட, "வாங்க, உக்காருங்க, ஆருக்குங்க, கட்டில் எத்தனை அடிங்க?"ன்னுதான் கேட்கிறோம். அதையே கேமரா முன்னால கேளுங்க. பிள்ளைங்க வீடியோ ஓடறதுக்கு ஒரு பெரிய காரணம், பேசற பேச்சும் போடற பேச்சும் ஒண்ணா இருக்கறது. நம்ம "ஏனுங்க", "சொல்லுங்க", "அட, ஆமாங்க" எல்லாம் வெளியூர்க்காரங்களுக்கும் கேட்க இதமாத்தான் இருக்கும். ஊர் விட்டுப் போன நம்ம ஆளுங்களுக்கு அது வீட்டு வாசம்.

ஆனா அவங்க பேச்சை நீங்க கடன் வாங்காதீங்க. நாப்பத்தஞ்சு வயசுல நான் ஒரு தடவை பிள்ளைங்க பேசற கிண்டல் வார்த்தை ஒண்ணைத் தலைப்புல போட்டேன். அக்கா மக பார்த்துட்டு, "மாமா, அதைத் தயவுசெஞ்சு எடுத்துருங்க, நாங்களே அதை உட்டு ஆறு மாசம் ஆச்சுங்"ன்னா. எடுத்துட்டேன். அவங்ககிட்ட இருந்து எடுத்துக்க வேண்டியது பழக்கத்தை, வார்த்தையை இல்லை.

எழுத்து கட்டாயம் போடுங்க. பஸ்ல, கிளாஸ் இடைவேளையில, தூங்கற குழந்தை பக்கத்துல சத்தம் வைக்காமப் பார்க்கிறவங்க நிறைய. பெரிய எழுத்து, ஒரு தடவைக்கு அஞ்சாறு சொல், திரையோட மேல்பாதியில. கீழே உங்க பேரும் தலைப்பும் வந்து மறைக்கும், வலது ஓரத்துல லைக், கமெண்ட் பட்டன் மறைக்கும். விலையைக் கொண்டு போய்க் கீழே எழுதி, அது யாருக்குமே தெரியாமப் போன வீடியோ எங்க கணக்குலயே மூணு கிடக்குது.

படி 5: ஸ்டோரியில சின்ன வேலை கொடுங்க

பிள்ளைங்க ஸ்டோரி (ஒரு நாள்ல மறைஞ்சுடற பதிவு) பார்த்தா ரெண்டுல ஒண்ணு, ஆமா இல்லை, பத்துக்கு எத்தனைன்னு எதையாவது தொட்டுக்கிட்டே இருப்பாங்க. "உங்கள் மேலான கருத்துகளைத் தெரிவிக்கவும்"னா யாரும் தொட மாட்டாங்க. "மாம்பழ மஞ்சளா, கிளிப்பச்சையா?"ன்னு கேட்டுப் பாருங்க.

கேட்டா, சொன்னதைச் செய்யணும். நாங்க அடுத்த பாவுக்கு எந்த நிறம்னு ஓட்டெடுப்பு வெச்சோம். எனக்குப் பிடிச்சது மெரூன், ஜெயிச்சது கிளிப்பச்சை. கிளிப்பச்சையே ஓட்டினோம். சாயம் போட்ட நூலு வந்தது, பாவு ஓட்டினது, முதல் முழம் நெய்தது, எல்லாத்தையும் ஸ்டோரியில காட்டினோம். ஓட்டுப் போட்டவங்களுக்கு அது அவங்க பெட்ஷீட் மாதிரி ஆயிடுச்சு.

படி 6: கமெண்ட்ல திண்ணைப் பேச்சு, விலையில ஒளிவு இல்லை

பிள்ளைங்களுக்கு வீடியோ பாதி, கமெண்ட் பாதி. வீடியோ ஓடிக்கிட்டிருக்கும்போதே கமெண்டைத் திறந்து வெச்சுப் படிப்பாங்க. அங்க கடைக்காரர் எல்லாருக்கும் ஒரே கைகூப்புற படத்தை ஒட்டி வெச்சிருந்தா, ஆளில்லாத கடைன்னு அர்த்தம்.

பதிவு போட்டதும் ஒரு மணி நேரம் போனோட இருங்க. அதுக்கு நேரம் இல்லாத அன்னைக்குப் போடவே வேண்டாம். ஒருத்தர் "எங்க அமுச்சி ஊடும் சென்னிமலைதாங்க"ன்னு எழுதினா, "எந்த வீதிங்க?"ன்னு கேளுங்க. பதில் வரும். அந்தப் பதிலுக்கு இன்னொருத்தர், "அட, நாங்களும் அதே வீதி"ம்பார். நல்ல கேள்வி வந்தா, அந்தக் கமெண்டுக்கே வீடியோவாப் பதில் போடற வசதி ரீல்ஸ்ல இருக்கு. கமெண்ட் திரையிலயே ஒட்டிக்கிட்டு வரும். "சாயம் போகுமாங்க?"ன்னு ஒருத்தர் கேட்டார். வெள்ளை பக்கெட்ல தண்ணி ஊத்தி, புதுப் பெட்ஷீட்டை முக்கிப் பிழிஞ்சு காட்டினோம். அடர் சிவப்புல முதல் அலசலுக்குக் கொஞ்சம் போச்சு. அதையும் மறைக்காமக் காட்டி, தனியா அலசச் சொன்னோம். எங்க கணக்குலயே அதிகம் பேர் சேவ் பண்ணி வெச்சது அந்த வீடியோதான்.

விலைக்கு வர்றேன். "விலை இன்பாக்ஸில்". இந்த வழக்கத்தைத் தயவுசெஞ்சு விட்டுடுங்க. அக்கா மகளுக்கு இதைப் பார்த்தாலே கோபம் வரும். "வெலை சொல்லக் கூச்சப்பட்டா ஏதோ ஏமாத்தறாங்கன்னு அர்த்தம்"ங்கிறா. சந்தையில நாலு பேர் முன்னால விலை சொல்லி வித்த ஊர் நம்முது. பக்கத்துக் கடைக்காரர் பார்த்துடுவார்னு பயந்தா, அவருக்கு நம்ம விலை ஏற்கெனவே தெரியும். அளவு, விலை, கூரியர் செலவு மூணையும் பதிவுலயே எழுதுங்க. எழுத ஆரம்பிச்சப்புறம் எங்களுக்கு வர்ற மெசேஜ் குறைஞ்சுச்சு. வர்ற மெசேஜ்ல வாங்கறவங்க கூடினாங்க.

படி 7: ட்ரெண்ட் வந்தா

எல்லாரும் செய்யறாங்கன்னு நாமளும் அந்த ட்ரெண்டைச் செஞ்சே ஆகணும்னு நினைக்காதீங்க. பிள்ளைங்களே பத்து ட்ரெண்டுல ஒண்ணைத்தான் எடுத்துச் செய்வாங்க, மத்ததைப் பார்த்துட்டு விட்டுடுவாங்க. உங்க வேலைக்குத் தானாப் பொருந்தினா அன்னைக்கே செய்யுங்க, மூணு நாள் கழிச்சுன்னா விட்டுடுங்க. இன்னொண்ணு: பிசினஸ் கணக்குல சினிமாப் பாட்டு பெரும்பாலும் கிடைக்காது. அந்தப் பாட்டுக்கான உரிமம் தனிப்பட்ட பயன்பாட்டுக்குத்தான், வியாபாரத்துக்கு இல்லை. கணக்கை மாத்தி வெச்சுப் பாட்டைப் போட்டுக்கலாம்னு குறுக்கு வழி தேடாதீங்க. உரிமம் இல்லாத பாட்டுக்குச் சத்தத்தை அணைச்சுடுவாங்க, சில நேரம் வீடியோவே போயிடும். தறிச் சத்தம், ஆலைச் சத்தம், கடாய்ச் சத்தம் உங்க சொந்தச் சொத்து. அதை யாரும் அணைக்க முடியாது.

படி 8: நோம்பி, பண்டிகைக் கணக்கு

பிள்ளைங்க எப்பவும் இன்னைக்கு நடக்கிறதைத்தான் போடுவாங்க. அந்தச் சூட்டை எடுத்துக்குங்க. ஆடிப் பதினெட்டு அன்னைக்குப் பவானி கூடுதுறையில கூட்டம் நிக்கிறப்ப ஜமக்காளத்தை விரிச்சு உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிக்கிறதைப் போடலாம். மார்கழிக் குளிருல தலையோட இழுத்துப் போர்த்துன உருவம், தை நோம்பிக்கு வீடு வெள்ளையடிச்சு எல்லாத்தையும் உதறிக் காயப் போடற நாள், வைகாசிக் கல்யாணத்துல மண்டபத்துல விடியக்காலை உருட்டின ஜமக்காளத்து மேல தூங்கற சித்தப்பா. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06லயே புவிசார் குறியீடு வாங்கியாச்சு. ஆனா அந்தத் தாளைக் காட்டினதுக்கு நின்ன விரலைவிட, அந்தச் சித்தப்பாவுக்கு நின்ன விரல் அதிகம்.

எத்தனை மணிக்குப் போடறதுங்கிறது ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். புரொஃபஷனல் கணக்கா மாத்திக்கிட்டா, உங்களை ஃபாலோ பண்றவங்க எந்த நேரம் அதிகமா இருக்காங்கன்னு இன்சைட்ஸ்ங்கிற புள்ளிவிவரப் பக்கத்துல தெரியும். அதைப் பார்த்துப் போடுங்க. எங்களுக்கு ராத்திரி எட்டரை. டியூஷன் விட்டுப் பிள்ளைங்க வந்திருப்பாங்க, சோத்துக்கு அம்மா கூப்பிடற நேரம். பெட்ஷீட் வாங்கப் போறது அந்தப் பிள்ளை இல்லை, அவங்க அம்மா. பிள்ளை சிரிச்சுக்கிட்டே போனைக் கொண்டு போய் அம்மாகிட்டக் காட்டற அஞ்சு நிமிஷத்துக்குத்தான் அவ்வளவு வேலையும். அதே வீடியோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயும் வைங்க, அத்தை சித்தி எல்லாம் இருக்கறது அங்கதான்.

படி 9: ஞாயித்துக்கிழமை நோட்டு

லைக்கை எண்ணாதீங்க. வாரம் ஒரு தடவை ஒவ்வொரு பதிவுக்கும் மூணு எண் எழுதுங்க: எத்தனை பேருக்குப் போச்சு, எத்தனை பேர் அனுப்பினாங்க, சராசரியா எத்தனை நொடி பார்த்தாங்க. அப்புறம் நூறு பேருக்கு எத்தனை பேர் அனுப்பினாங்கன்னு வகுத்துப் பாருங்க. ஒரு உதாரணக் கணக்கு: 2,000 பேருக்குப் போன வீடியோவை 40 பேர் அனுப்பியிருந்தா நூத்துக்கு 2. 500 பேருக்கு மட்டும் போன இன்னொண்ணை 25 பேர் அனுப்பியிருந்தா நூத்துக்கு 5. முதல் வீடியோ பெருசாத் தெரியும், ஆனா ரெண்டாவதுலதான் சரக்கு இருக்கு. அதே மாதிரி இன்னும் நாலு எடுங்க. யூடியூப் ஷார்ட்ஸ்ல எத்தனை பேர் பார்த்தாங்க, எத்தனை பேர் தள்ளிட்டுப் போனாங்கன்னே தனியாக் காட்டும். முதல் நொடியைச் சரிபார்க்க அதைவிட நல்ல எண் கிடையாது.

காசு கொடுத்து ஃபாலோயர் வாங்காதீங்க. ஒரு ஏஜென்சி பேச்சைக் கேட்டு நான் வாங்கினேன். நாலே நாள்ல பல ஆயிரம் பேர் வந்தாங்க, ஒருத்தரும் நம்ம ஊர்ப் பெட்ஷீட்டுக்கு நிக்கிறவங்க இல்லை. அதுக்கப்புறம் போட்ட ஒவ்வொரு வீடியோவையும் அவங்க யாரும் பார்க்காமப் போக, நிஜமான வாடிக்கைக்கும் போகாம நின்னுச்சு. ஒவ்வொருத்தரா நீக்கறதுக்கு வாரக் கணக்காச்சு.

படி 10: பிள்ளைக்குச் செய்ய வேண்டியது

இதைக் கடைசியில வெச்சாலும், முதல் நாளே செய்யணும்.

ஒரு தப்பு நடந்துச்சு. தறி வீடியோ ஒண்ணுல அக்கா மக பின்னால நின்னு தார் சுத்திக்கிட்டிருந்தா, ஸ்கூல் யூனிஃபார்மோட. நான் கவனிக்காமப் போட்டுட்டேன். அந்த வீடியோ நல்லா ஓடுச்சு. முன்னப் பின்னத் தெரியாதவங்க, எந்த ஸ்கூல்னு கண்டுபிடிச்சுக் கமெண்ட்ல எழுத ஆரம்பிச்சாங்க. அவ ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை. நான் வீடியோவை எடுத்துட்டேன், ஆனா அதுக்குள்ள சிலர் அதை எடுத்து வெச்சிருந்தாங்க. அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தா மனசு ஆறியிருக்கும்.

அதனால எங்க வீட்டுல இப்ப இருக்கற சட்டம் இதுதான். 18 வயசு ஆகாத பிள்ளையோட முகம், யூனிஃபார்ம், ஸ்கூல் பேர், வீட்டு வாசல், வண்டி நம்பர் எதுவும் கடைப்பதிவுல வராது. அந்தப் பிள்ளையோட சொந்தக் கணக்குல இருந்து கடை வீடியோவைப் பகிரச் சொல்றதில்லை, அவ ஃப்ரெண்ட்ஸை லைக் போடச் சொல்றதில்லை. அவ பிரைவேட் கணக்கை எனக்குத் திறந்து காட்டச் சொல்றதுமில்லை. இன்ஸ்டாகிராம்ல கணக்குத் தொடங்கவே 13 வயசு ஆகணும். 18க்குக் கீழே இருக்கறவங்களுக்கு டீன் அக்கவுண்ட்ங்கிற ஏற்பாட்டை 2024 செப்டம்பர்ல அறிவிச்சு, பிறகு இந்தியாவுக்கும் கொண்டு வந்தாங்க. அதுல கணக்கு தானாவே பிரைவேட்டா இருக்கும், 16க்குக் கீழே இருந்தா அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தப் பெத்தவங்க சம்மதம் வேணும். கடை வேலை வசதிக்காக அதைக் கழட்டிவிடச் சொல்லாதீங்க. நம்ம நாட்டு 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயசு ஆகாதவங்களைக் குழந்தைன்னுதான் சொல்லுது. போட்டி, பரிசுன்னு சொல்லி ஸ்கூல் பிள்ளைங்க போன் நம்பரையும் பேரையும் வாங்கிச் சேர்க்கிற வேலை நமக்கு வேண்டாம்.

அப்புறம், கூலி. "ஊட்டுப் பிள்ளைதானே"ன்னு விட்டுடாதீங்க. பாவு ஓட்டறவருக்குக் கூலி கொடுக்கிறோம், தார் சுத்தற பாட்டிக்குக் கொடுக்கிறோம். பார்க்கிறவங்க கண்ணு எங்க நிக்கும்னு சொல்ற இந்தப் பிள்ளைக்கு மட்டும் பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்தா நியாயம் இல்லை. மாசத்துக்கு இவ்வளவுன்னு அக்காகிட்டப் பேசி, அவ பேர்ல இருக்கற பேங்க் கணக்குல போடறேன். வேலை வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஞாயித்துக்கிழமை மட்டும்.

பரீட்சை மாசத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேணும். பிப்ரவரி பாதியில இருந்து ஏப்ரல் வரைக்கும் பிள்ளையைக் கூப்பிடவே கூடாது. ஜனவரியிலேயே பத்து வீடியோ எடுத்து, முதல் நொடி வெட்டி, எழுத்துப் போட்டு, தேதி குறிச்சு வெச்சுடுங்க. இந்த வருஷம் நாங்க எட்டுதான் முடிச்சோம். மீதி ரெண்டை நானே எடுத்து நானே வெட்டினேன். பரீட்சை முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் அவ வந்து திண்ணையில உட்கார்ந்து ரெண்டையும் பார்த்தா. முதலாவதை முழுசாப் பார்த்தா. ரெண்டாவதுல நாலாவது நொடியில விரல் தள்ளிடுச்சு.

"இங்கதானுங் மாமா," அப்படின்னு சொல்லி, வெட்ட வேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினா.